பஞ்சருக்கு வந்த வண்டி

பஞ்சர் ஒட்டிய வண்டியை ஓரமாக நிறுத்தலாம் என்று சாவியைத் திருப்பினான் எலக்ட்ரீஷியன். ஏர்பேக் விளக்கு எரிந்தது. சில நொடியில் அணைய வேண்டியது எரிந்துகொண்டே இருந்தது.

"பாவம், வண்டியை விட்டுட்டுப் போன அந்தம்மா! எங்கயாவது மோதினா பை விரியாது. தெரியாமலே ஓட்டிட்டிருக்காங்க."

"பஞ்சர் மட்டும்தானே ஒட்டச் சொன்னாங்க? ஒரு போன் போட்டுக் கேளுங்க," என்றாள் மனைவி. பட்டறையில் டயர் வேலை அவளுடையது, மின்சார வேலை அவனுடையது. அந்தப் பஞ்சரை ஒட்டியதும் அவள்தான்.

"கேட்டுட்டுச் செஞ்சா அது வேலை. கேக்காம செஞ்சாத்தான் உதவி." தனக்குக்கூட இப்படிப் பேச வருகிறதே என்று அவனுக்கு ஒரே பெருமை.

ஸ்கேனரை மாட்டினான். ஓட்டுநர் பக்கத்து ஏர்பேக்குக்குப் போகிற வழியில் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது என்றது. ஸ்கேனரில் அந்தக் கோளாறுப் பதிவை அழித்தான். விளக்கு அணைந்தது. அவன் சிரித்து முடிப்பதற்குள் மறுபடி எரிந்தது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, பை தப்பித்தவறி வெடித்துவிடக் கூடாதே என்று பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தான். அன்று அவன் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

சீட்டுக்கு அடியில் இருந்த மஞ்சள் கனெக்டர் கைக்கு எட்டவில்லை. சீட்டையே கழற்றி வெளியே வைத்தான். கனெக்டரைத் துடைத்தான், எல்லாவற்றையும் திரும்ப மாட்டினான். இப்போது ஏர்பேக் விளக்கோடு சீட் பெல்ட் விளக்கும் எரிந்தது.

"ஒண்ணு ரெண்டாயிடுச்சு," என்றாள் மனைவி.

"தனியா எரிஞ்சா அதுக்கும் போரடிக்கும்ல."

"நல்லா பேசுங்க. அஞ்சு மணிக்கு எங்கப்பா பஸ் ஸ்டாண்டுல வந்து இறங்குவார். நம்ம கார்ல போய்க் கூட்டிட்டு வரணும். ஞாபகம் இருக்கா?"

"நாலரைக்கு அந்தம்மா வந்துருவாங்க. அதுக்குள்ள முடிச்சிடறேன்."

சீட்டுக்கடியில் சரியாக உட்காராத கனெக்டரை அழுத்தியதும் புது விளக்கு அணைந்தது. பழையது அசையவில்லை. பேட்டரியை மறுபடி கழற்றி, மறுபடி காத்திருந்து, ஸ்டீயரிங்கைக் கையில் எடுத்துவிட்டான். அதனடியில், ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுற்றுகிற ரிப்பன் சுருள், அதாவது 'காயில்', தெரிந்தது. ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகும். மீட்டர் வைத்தான். ஏர்பேக் கம்பியில் தொடர்பே இல்லை.

"மாட்டினான் திருடன்!" என்று கத்தினான். கத்திய உற்சாகத்தில் காயிலை ஒரு சுற்று கூடுதலாகத் திருகினான். உள்ளே 'டக்' என்றது. அதுவரை நன்றாக இருந்த ஹாரன் கம்பியும் போயிற்று.

"என்ன சத்தம்?"

"என் மூளைதான். பயப்படாதே."

உதிரிபாகக் கடையில் விசாரித்தான். புதுக் காயில் வர நாலு நாள் ஆகுமாம். மணி மூன்றரை. அவன் பார்வை மெல்ல வாசலுக்குப் போனது. அங்கே அதே மாடலில் அவர்களுடைய சொந்தக் கார் நின்றது.

"வேணாங்க!" என்றாள் மனைவி. அவன் ஸ்பானரை எடுத்தாயிற்று.

நாலே கால் மணிக்கு அந்தம்மாவின் வண்டியில் விளக்கு அணைந்தது. ஹாரனும் கணீரென்று அடித்தது. சொந்தக் கார் ஸ்டீயரிங் இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"நான் ஆட்டோவுல போய் அப்பாவக் கூட்டிட்டு வர்றேன். மாப்பிள்ளை ஏன் கார் அனுப்பலன்னு கேட்டா, நீங்களே பதில் சொல்லிக்கோங்க," என்று மனைவி செருப்பை மாட்டினாள்.

அதற்குள் அந்தம்மா வந்துவிட்டார். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாவியைத் திருப்பிக் காட்டினான்.

"பாருங்கம்மா, ஏர்பேக் லைட் அணைஞ்சிருச்சு! காயில்தான் கெட்டிருந்தது. என் சொந்தக் கார்லேர்ந்தே கழட்டிப் போட்டுட்டேன். பைசா வேணாம். பழசு இதோ, சுத்தமா அறுந்துபோச்சு."

அந்தம்மா பழைய காயிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு நான் பாடம் நடத்துற மெக்கானிக் காலேஜ்ல பரீட்சைங்க! பிள்ளைங்க கோளாறைக் கண்டுபிடிக்கட்டும்னு, கடை கடையா ஏறி இறங்கி இந்தக் கெட்ட காயிலை நான்தாண்ணே தேடி வாங்கி மாட்டினேன்!"