பிரெசில்லாவின் பரீட்சையில் இரண்டாவது ஆள்

பாம்பன்

அன்பு மாப்பிள்ளை பென்னிக்கு உன் மச்சான் சவேரியார் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே உன் அக்கா மிக்கேலம்மாளும் மகள் பிரெசில்லாவும் நானும் சுகம். நீ தூத்துக்குடியில் சுகமாகத்தான் இருப்பாய். வம்பை அடுத்தவன் வீட்டில் இறக்கிவிட்டுப் போனவனுக்குச் சுகத்துக்கு என்ன குறை? போனில் பேசியிருக்கலாமே என்பாய். அந்தப் போனையே நான் நம்பவில்லை. அதனால்தான் தபால்.

நீ சேர்த்துவிட்டாயே, டாக்டர்கள் பேசியதைக் கேட்டு டைப் அடிக்கும் ஆன்லைன் கோர்ஸ், அதைப் பற்றித்தான். கண் தெரியாத பிள்ளைக்கு ஏற்ற படிப்பு, பாஸானால் மதுரையில் ஆஸ்பத்திரி வேலை என்றாய். பிள்ளையும் ஆசையாகத்தான் படித்தாள். திரையில் இருப்பதையெல்லாம் ஒரு ஆண் குரல் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறது. முதல் நாளே அவன் எந்த ஊர், கல்யாணம் ஆனவனா என்று விசாரித்தேன். "அய்யா, அது ஆளு இல்ல, சாப்ட்வேர்" என்றாள். சரி, சாப்ட்வேர் என்றால் ஒழுங்காக வாசிக்க வேண்டாமா? பாடத்தைக் கடகடவென்று படிப்பவன், கீழே வந்ததும் "பட்டன், பட்டன், பட்டன்" என்கிறான். எது அடுத்த பாடம், எது வெளியே போகும் வழி என்று சொல்ல மாட்டான். கேட்டால், பட்டனுக்குப் பெயர் வைக்காமல் விட்டது கோர்ஸ்காரன் குற்றமாம். பெயர்ப்பலகை இல்லாமல் கடை நடத்துகிறவனை நீ நம்புவாயா?

பரீட்சை அன்று உள்ளே நுழையும்போதே, மனுஷர்தானா என்று நிரூபிக்கச் சொல்லிப் படங்கள் வந்தன. படத்தைக் காதால் பார்க்க முடியுமா? என்னைக் கூப்பிட்டாள். படகு இருக்கும் கட்டங்களைத் தொட வேண்டுமாம். இது எனக்கு ஒரு வேலையா? முதல் கட்டத்தில் வெள்ளைக்காரன் உல்லாசமாகப் போகிற பாய்மரம். வலையும் இல்லை, ஐஸ் பெட்டியும் இல்லை, விட்டுவிட்டேன். அடுத்தது துடுப்புப் போடுகிற சின்ன வத்தை; வத்தையை எவனாவது படகு என்பானா? ஒரே ஒரு விசைப்படகு இருந்தது, அதுவும் பின்பக்கப் பலகை விட்டுப்போய்க் கடலுக்கு லாயக்கில்லாமல் நின்றது. எந்தக் கட்டத்தையும் தொடாமல் கீழே இருந்த பட்டனை அமுக்கினேன். நான் மனுஷன் இல்லை என்று சொல்லிவிட்டான் மாப்பிள்ளை! "அய்யா, மெதக்குறது எல்லாத்தையும் தொடுங்க, ஒங்க ஞாயத்தப் பொறவு பேசிக்கலாம்" என்று பிள்ளை பல்லைக் கடித்தாள். அப்படித்தான் உள்ளே போனாள்.

அடுத்தது கேமரா. எழுதுகிறவள் திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். இவள் கண் ஜன்னல் பக்கம் போனால் என்ன, கூரைப் பக்கம் போனால் என்ன? பார்வை விலகுகிறது என்று எச்சரிக்கை வேறு. அதையும் படமாகக் காட்டினால் அவளுக்கு எப்படித் தெரியும்? கடைசியில், அறையில் இரண்டாவது ஆள் பேசுகிறார், இது காப்பி என்று பரீட்சையை நிறுத்திவிட்டார்கள். அந்த வாசிக்கிற குரலைத்தான் சொல்கிறார்கள்! அதை வைத்துப் படி என்பதும் இவர்கள், அது பேசினால் காப்பி என்பதும் இவர்கள். பிள்ளைக்கு வேலை கிடைக்காமல் செய்யும் ஏற்பாடு இது. இதில் நீயும் கூட்டோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு; உன் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிள்ளை அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அழவும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுபரீட்சை கொடுக்காவிட்டால் மதுரை வேலை போய்விடும். நீ உடனே புறப்பட்டு வந்து, அந்த அறையில் ஈ காக்கை கூட இல்லை என்று கம்பெனிக்காரனிடம் பேச வேண்டும். நான் சத்தியம் செய்யத் தயார்.

உன் வீட்டுக்காரி ஆஸ்லினுக்கும் பிள்ளைகளுக்கும் மாதாவின் ஆசீர் நிறைவாகக் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
மனுஷன்தான் என்று உனக்காவது தெரிந்த
சவேரியார்

பின்குறிப்பு: கவரை ஒட்டிய பிறகு பிரெசில்லா பிரிக்கச் சொன்னாள். பட்டன், படம், கேமரா என்று எல்லாக் குறையையும் அவளே கம்பெனிக்கு எழுதியிருந்தாளாம். குறைகள் உண்மை, திருத்துகிறோம் என்று பதில் வந்திருக்கிறது. வாசிக்கிற குரலை அவர்கள் காப்பி என்று சொல்லவே இல்லையாம், வேறொரு குரலாம். ஒலிப்பதிவையும் அனுப்பியிருந்தார்கள். வீட்டோடு உட்கார்ந்து கேட்டோம். கதவுக்குப் பின்னாலிருந்து ஒருவன், "மாதாவே, மூணாவது விடையா நாலாவதா, பிள்ளைக்கு நீயே காட்டிக் குடு" என்று விடாமல் செபிக்கிறான். நடுவில், "மூணாவதையே போடு தாயி" என்றும் சொல்கிறான். அது தப்பு விடையாம். வரும் வியாழக்கிழமை மறுபரீட்சை. நீ வர வேண்டாம். அன்று நான் வீட்டில் இருக்கக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை. அதைப் போட்டது கம்பெனி இல்லை மாப்பிள்ளை, என் மகள்.