மூன்று தலை குறைச்சல்

தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டை மூன்றாவது முறையாக எண்ணினார். அப்போதும் ஐம்பத்தேழுதான் வந்தது.

"அறுபது இல்லன்னா அரசாங்கப் பணம் பாதியாயிடும் டீச்சர். உங்களையும் வேற ஊருக்கு மாத்திடுவாங்க," என்றார்.

கணக்கு டீச்சரின் வீடு அடுத்த தெருவில் இருந்தது. மாற்றலாகிப் போகும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை.

"அதிகாரி பத்து மணிக்குத்தானே தலை எண்ண வர்றார்? மூணு தலைதானே சார், பாத்துக்கலாம்."

தனியார் பள்ளிகளுக்கு அன்று விடுமுறை. தலைமையாசிரியர் தங்கைக்குப் போன் போட்டு, அவளுடைய இரட்டைப் பெண்களைச் சீருடையோடு அனுப்பச் சொன்னார். எந்தச் சீருடை என்று சொல்லவில்லை. ஐம்பத்தேழு நீலத்துக்கு நடுவே இரண்டு சிவப்பு வந்து உட்கார்ந்தது.

இன்னும் ஒரு தலை வேண்டும். "மைதானத்துல எவனாவது நிப்பான், ஒருத்தனைக் கூட்டிட்டு வாங்க," என்று வாட்ச்மேனை அனுப்பினார்கள். அவர் பந்து விளையாடிக்கொண்டிருந்த பதினெட்டுப் பேரையும் ஓட்டிக்கொண்டு வந்தார். ஒருவனுக்கு மீசை அரும்பியிருந்தது.

"ஒருத்தனைத்தானே கேட்டேன்?"

"தனியா வரமாட்டேன்னு அடம் பிடிக்கிறான் சார்."

திருப்பி அனுப்ப நேரமில்லை. வெள்ளைச் சட்டையும் கையில் ஃபைலுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"வாங்க சார், உங்களைத்தான் எதிர்பாத்துட்டிருக்கோம்," என்று தலைமையாசிரியர் அவரை வாய் திறக்க விடாமல் வகுப்புக்குள் அழைத்துப் போனார். நான்கு பேர் உட்காரும் பெஞ்சில் ஏழு பேர் இருந்தார்கள். ஜன்னல் திட்டில் மூன்று பேர்.

"இவ்வளவு கூட்டமா?"

"இன்னிக்குக் கம்மி சார். ரெண்டு பேருக்குக் காய்ச்சல்."

"ஒரே டீச்சரா?"

"நானும் பாடம் எடுக்கறேன். ஆளுக்கு நாப்பது பிள்ளைங்க. மூச்சு விட நேரமில்ல."

"மாமா, எப்ப வீட்டுக்குப் போலாம்?" என்று சிவப்பில் ஒன்று கேட்டது.

தலைமையாசிரியர் முந்திக்கொண்டார். "இங்க எல்லாப் பிள்ளைங்களும் என்னை மாமான்னுதான் கூப்பிடும் சார். ஒரு பாசம்."

"ஆமா மாமா," என்றான் மீசைக்காரன், எழுந்து நின்று.

வந்தவர் மெல்லப் பின்வாங்கி வராந்தாவுக்கு வந்தார். ஒரு தலையைக்கூட எண்ணவில்லை, ஃபைலையும் திறக்கவில்லை. பார்த்த மாத்திரத்திலேயே திருப்தியாகிவிட்டார் என்று தலைமையாசிரியருக்குத் தோன்றியது. தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எங்க சார் கையெழுத்துப் போடணும்?"

"கையெழுத்தெல்லாம் வேணாம் சார். பின் தெருவுக்குப் புதுசா குடி வந்திருக்கோம், என் பிள்ளைங்க மூணு பேரையும் இங்க சேக்கலாம்னு வந்தேன். உக்காரவே இடமில்ல போலிருக்கே, வேற பள்ளிக்கூடம் பாத்துக்கறேன்."