இணைப்பு: மூன்று மஞ்சள் இலைகள்

சிலிபின், ஈப்போ.
ஞாயிறு காலை.

மதிப்பும் மரியாதையும் கலந்த அன்பு மச்சான் சதாசிவத்துக்கு,

உன் அக்காள் புருஷன் சன்னாசி எழுதுவது. முழங்கால் நீங்கலாக நான் நலம். தைப்பிங்கில் நீயும் மழையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கும்படி பேசுகிறவன். அரை மணி நேரத்தில் விஷயம் சித்தியவானில் மகள் வீட்டில் இருக்கிற உன் அக்காள் மங்களத்தின் காதுக்குப் போய்விடும். தவிர, என் போனில் படம் எடுத்தால் மஞ்சள் நிறம் சரியாக விழ மாட்டேன் என்கிறது. ஆகவே நிஜ இலைகளையே உறைக்குள் வைத்திருக்கிறேன். அடி இலை, நடு இலை, நுனி இலை என்று பின்னால் பேனாவால் எழுதியும் இருக்கிறேன். நீ விவசாய இலாகாவில் இருபத்தாறு வருஷம் இருந்தவன். ஓட்டியது லோரிதான் என்றாலும் பின்னால் ஏற்றியது நாற்றுதானே. பார்த்துச் சொல்.

பொங்கல் முடிந்து மங்களம் நம் மகள் ஷாமினியின் பிரசவத்துக்குப் போனது உனக்குத் தெரியும். நாற்பது நாளில் வருவதாகச் சொன்னவள், இது நாலாவது மாதம். புறப்படுகிற அன்று காலையில் அவளுடைய குண்டுமல்லிச் சட்டியைப் பக்கத்து வீட்டு நவமணியிடம் ஒப்படைக்கப் போனாள். நான் விடவில்லை. முப்பத்தோரு வருஷம் ரப்பர் தோட்டத்தில் மண்டோராக இருந்து, நானூறு ஏக்கருக்கு ஆளை நிறுத்தி உரம் போட வைத்தவன் வீட்டுச் செடி, நவமணி வீட்டுக்கா போவது. அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "சரி, பாத்துக்குங்க. ஆனா ஒண்ணு. நான் வந்து பாக்கறப்ப இந்தச் செடி போயிருந்துச்சுன்னா, ஒங்களத் தனியா விட முடியாதுன்னு அர்த்தம். வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் மக வீட்டோட போயிடலாம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டு சொன்னதெல்லாம் இதுவரை நடந்திருக்கிறது. மருமகன் நல்ல பையன்தான், ஆனால் அந்த வீட்டில் எந்த நாற்காலி யாருடையது என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதில் எனக்கு விழுவது பிளாஸ்டிக் நாற்காலி. எனக்கு என் வீடு வேண்டும், மச்சான்.

எல்லாவற்றையும் முறையாகத்தான் தொடங்கினேன். முதல் வாரமே டெங்கிக் கொசுச் சோதனைக்கு ஆட்கள் டார்ச் லைட்டோடு வந்தார்கள். பின் தெருவில் ஒருவர் பூச்சட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தண்ணீர் தேங்கியதற்குச் சம்மன் வாங்கினார். நம் வீட்டில் அந்தப் பேச்சே வரக்கூடாது என்று அன்று சாயங்காலமே சட்டியைச் சாய்த்து, அடியில் இருந்த ஓட்டையைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டேன். ஒரு சொட்டு கீழே இறங்காது. தட்டு இன்றைக்கும் சருகாகக் காய்ந்து கிடக்கிறது. அடுத்த முறை வந்தவர் தட்டைத் தடவிப் பார்த்து, "பாகுஸ், அங்கிள்" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார். பராமரிப்பில் ஒரு குறையும் இல்லை என்று நீ தெரிந்துகொள்வதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

பிப்ரவரியில் அடி இலை இரண்டு மஞ்சளாச்சு. நான் பதறவில்லை. ரப்பர் மரம் வருஷா வருஷம் அந்த மாதம்தானே இலை கொட்டும், நம் கையில் வளர்கிற மல்லிகைக்கும் அந்தப் பழக்கம் வந்திருக்கும் என்று இரண்டு வாரம் விட்டேன். பத்து இலை ஆச்சு. சரி, பசி என்று முடிவுகட்டி யூரியா போட்டேன், ரப்பர் மரத்துக்குப் போடுகிறதில் பாதிதான், சின்னச் செடி பாரு. உரம் போட்டால் தண்ணீர் விடணும், ஒரு வாளி விட்டேன். இலை நுனி கருகிப் போச்சு. நவமணி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணே, சூடு லா. நெழல்ல வச்சு நெறைய தண்ணி காட்டுங்க" என்றாள். சட்டியைத் தூக்கினேன், அரிசி மூட்டை கனம் கனத்தது. மங்களம் அதை ஒரு கையால் தூக்குவாள். செடிக்கு உள்ளுக்குள்ளே வேர் நல்லாப் பிடிச்சிருக்கு என்று சந்தோஷப்பட்ட நேரத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் பிளாஸ்திரியோடு படுத்து எழுந்து பார்த்தால் இருபது இலை. பிறகு நவமணி மீன் கழுவின தண்ணீர் ஊற்றச் சொன்னாள், ஊற்றினேன். செடி அசையவில்லை, தெருப் பூனை மூணு வந்து வாசலில் குடியேறிவிட்டது, நான் வெளியே வந்தால் என் கையைப் பார்க்கிறது.

கடைசியாக ஒரு இலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாற்றுக் கடை சீனியிடம் போனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இரும்புச் சத்து இல்லண்ணே" என்றான். டாக்டர் கொடுத்து உன் அக்காள் விழுங்காமல் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்த இரும்புச் சத்து மாத்திரை பதினாறு இருந்தது. எல்லாவற்றையும் கரைத்து ஊற்றி, மேலே இன்னொரு வாளி தண்ணீர் விட்டேன், மருந்து இறங்க வேண்டுமே. இப்போது சட்டிக்குள் ஒரு தவளை வந்து உட்கார்ந்திருக்கிறது. மண் நல்ல மண் என்பதற்கு அதுவே சாட்சி. கொஞ்சம் கொசுவும் வருகிறது, அது பக்கத்து வீட்டிலிருந்து வருவது.

முந்தாநாள் மங்களம் வீடியோவில் கூப்பிட்டு, "செடியக் காட்டுங்க" என்றாள். நான் வேலியோரம் போய் நவமணி வீட்டு மல்லிகையைக் கிட்டத்தில் காட்டினேன், பச்சைப் பசேலென்று இருந்தது. "அட, பரவால்லயே" என்றாள். அவள் வாயால் இந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு, சந்தோஷத்தில் போனைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டேன்.

"பின்னால காயுதே, அது யாரு சாரோங்கு?"

"காத்துல பறந்து வந்துருச்சு."

"துணி கிளிப்போடவா பறந்து வந்துச்சு?"

பேட்டரி இல்லை என்று சொல்லி அணைத்தேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவே இல்லை. விவகாரம் செடியைத் தாண்டிப் போய்விட்டது.

உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு மச்சான். சாயங்காலம் ஆனா வீட்ல சண்டை போடக்கூட ஆள் இல்ல. டீ கலக்கறப்ப ரெண்டு கிளாஸ் எடுத்து வச்சுட்டு, ஒண்ணத் திரும்பக் கழுவி வைக்கிறேன். அவ இல்லாம எனக்கு ஓடல. செடி பொழச்சா அவ இங்க வருவா, செடி போனா நான் அங்க போயாகணும். அவ்வளவுதான் என் பிரச்சினை. இலையைப் பார்த்து மருந்து என்னவென்று உடனே எழுது, முடிந்தால் மருந்தோடு நீயே பஸ் ஏறி வா.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உன் வாசலில் வைத்ததெல்லாம் பூத்து, ஒரு இலைகூட நிறம் மாறாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சன்னாசி
(முன்னாள் மண்டோர்)

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது நவமணி வேலிக்கு மேலே போனை நீட்டினாள். மங்களம் அவளிடம் சாரோங்கை விசாரிக்க, இவள் உண்மையைச் சொல்லி நம் செடியைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். பதில் வந்திருந்தது: "சட்டிக்குள்ள தவள இருக்கு, தட்டு காஞ்சு கெடக்கு. ஓட்டைய அடைச்சுட்டாரா? இந்த மனுசன இங்க கூட்டிட்டு வந்தா மருமகன் வீட்ல எத அடைச்சு வைப்பாரோ. வேணாம். வெள்ளிக்கிழம பஸ்ல நானே வாரேன். இனிமே அங்கதான்."

ஆகவே மருந்து வேண்டாம், நீயும் வர வேண்டாம். சட்டியைச் சாய்த்துத் தண்ணீரையும் தவளையையும் வெளியேற்றிவிட்டேன், நான் அப்படியொன்றும் பாவி இல்லை. உளியும் சுத்தியலும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவள் பஸ் ஏறிவிட்டாள் என்று தெரிந்த பிறகு சிமெண்ட்டை உடைப்பேன்; முன்னாலேயே உடைத்தால், செடி தேறிவிட்டது என்று பயணத்தைத் தள்ளிப்போட்டுவிடுவாள். அதுவரை உன் அக்காள் கேட்டால், இலை இன்னும் மஞ்சள்தான் என்று சொல்லிவை.