ஆள் தேவைப்படாத கரை

பல்கலைக்கழகமும் தொழில் நிறுவனமும் பொது அமைப்பும் சேர்ந்து ஆராய்ச்சி செய்தால் நாடு முன்னேறும் என்று சர்க்கார் கண்டுபிடித்து, அதற்கென்று ஒரு நிதியையும் ஒதுக்கியது. நிதியை மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழித்தாக வேண்டும். முன்னேற்றத்துக்கும் அதுதான் கடைசித் தேதி.

ஆகையால் 1972 தை மாதத்தில், பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறிக்கு முன்னால் மூன்று தரப்பும் வந்து நின்றன. பல்கலைக்கழகம் என்பது பேராசிரியர் சீனிவாசன். தொழில் நிறுவனம் என்பது நெசவாளர் சங்கச் செயலாளர் கோதண்டபாணி. பொது அமைப்பு என்பது நகராட்சி பியூன். அவர் பேராசிரியருக்கு நாற்காலி தூக்கி வந்திருந்தார்.

தறியில் இருந்தது என் மகள் வள்ளியின் முகூர்த்தப் புடவை. சித்திரையில் கல்யாணம். மாம்பழ மஞ்சளில் உடல், அரக்கில் கரை. கரை வேறு நிறம் என்றால் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடலுக்கு என் வீட்டுக்காரர் குமாரவேல் ஊடை நூல் நாடாவை ஓட்டுவார். வலது பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை நான் போடுவேன். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான்.

பேராசிரியர் படிவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படிவத்தைப் பார்த்தார்.

"இந்த அம்மா யாரு?"

"என் சம்சாரங்க."

"சங்கத்துல மெம்பரா?"

"இல்லீங்க."

"சம்பளம் எவ்வளவு?"

"சம்சாரங்க" என்றார் இவர் மறுபடியும்.

"ஒரு தறிக்கு ஒரு தொழிலாளின்னுதான் படிவத்துல இருக்கு. அங்கீகாரம் இல்லாத ரெண்டு கை நடுவுல புகுந்தா ஆராய்ச்சி கெட்டுப்போயிடும்."

"ஐயா, பொண்ணு கல்யாணப் புடவைங்க..." என்று ஆரம்பித்தேன்.

"சும்மா இரும்மா, பெரியவங்க பேசிக்கினு இருக்காங்க" என்றார் கோதண்டபாணி. "சங்கத்துல பட்டு நூல் வேணுமா, வேணாமா?"

எழுந்துவிட்டேன். மறுநாளிலிருந்து காலையில் பேராசிரியரின் ஆள் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். ராத்திரியில் நான் தொட்டுவிடாமல் இருக்க, சாயங்காலம் தறிக்கு அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார். இவர் உடல் நாடாவை ஓட்டுவார். தறிக் குழியை விட்டு எழுந்து, சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய்க் கரை நாடாவைப் போடுவார். மறுபடி சுற்றி வந்து குழியில் இறங்குவார். நாள் முழுக்க நெய்தது இரண்டு விரல். இந்தக் கணக்கில் புடவையை நெய்து முடித்து அறுக்க ஆடி ஆகிவிடும்.

பேராசிரியருக்கு முகமெல்லாம் பூரிப்பு. 'நெசவாளரின் உற்பத்தித் திறன் அபாயகரமாகக் குறைந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது' என்று எழுதினார். வியாதி கிடைத்துவிட்டதால் மருந்துக்கும் பணம் வந்தது.

மாசிக் கடைசியில் மருந்து வண்டியில் வந்து இறங்கியது. நெல் குதிர் உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி. வெளியே இரண்டு சக்கரம், ஒரு சிவப்பு பல்பு. 'தானியங்கிக் கரை வீச்சுக் கருவி' என்று பெயர். நாலு பேர் தூக்கி, நான் உட்காரும் இடத்தில் வைத்தார்கள். சுவிட்சைப் போட்டதும் பல்பு எரிந்தது. சக்கரம் சுற்றியது. நாடா மட்டும் அசையவில்லை. ஒரு வாரம் திருகாணியைத் திருகினார்கள். அப்புறம் சக்கரமும் நின்றது.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி, நிதி கொடுத்தவர்களின் கமிட்டி பார்வையிட வருகிறது. பேராசிரியர் நகராட்சி நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. புடவையைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது.

"ஐயா, அந்தப் பொட்டி உள்ள எடம் இருக்குதா?" என்று கேட்டேன்.

படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "நீங்க கருவியோட ஒரு பாகம்னா, படிவத்துல தடை ஒண்ணும் இல்ல" என்றார்.

கமிட்டி வந்தபோது நான் உள்ளே இருந்தேன். கை நீட்ட ஓர் ஓட்டை. உடல் நாடா ஓடியது, கரை நாடா ஓடியது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அற்புதம்!" என்றார். "இதுக்கு முன்னாடி இந்த வேலைய யார் செஞ்சிக்கினு இருந்தாங்க?"

இவர் தலையைச் சொறிந்தார். "யாருமில்லைங்க."

தகரத்துக்குள் அது கணீரென்று கேட்டது. அடுத்த நாடாவைக் கொஞ்சம் பலமாகவே வீசினேன்.

"பார்த்தீங்களா, போகப் போக வேகம் கூடுது!" என்றார் ஒரு மெம்பர்.

கருவியைப் பத்திரமாகப் பாதுகாக்கக் கமிட்டி உத்தரவு போட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அரை மணி ஓய்வு. சூடேறாமல் இருக்க உள்ளே ஒரு மின்விசிறி. தினமும் எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை தொடக் கூடாது. மாதம் ஒருமுறை மெட்ராஸிலிருந்து நிபுணர் வந்து உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். இருபத்தாறு வருஷத்தில் என்னை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை.

புடவை கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பே முடிந்தது. முகூர்த்தத்தன்று சம்பந்தியம்மாள் தில்லையம்மாள் கரையைத் தடவித் தடவிப் பார்த்தாள். "கையால நெய்தா இப்டி நேரா வருமா? மிஷின் மிஷின்தான்மா!" என்று பந்தல் முழுக்கக் காட்டினாள். வந்தவர்களெல்லாம் தங்களுக்கும் மிஷின் கரைதான் வேண்டும் என்றார்கள்.

மறு வாரம் எங்கள் தெருப் பெண்கள் ஆளுக்கொரு பெட்டி கேட்டுச் சங்கத்து வாசலில் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றது கோதண்டபாணியின் சம்சாரம்.

ஒருநாள் மத்தியானம் கருவிக்கு ஓய்வு. விசிறி ஓட, நான் உள்ளே கால் நீட்டியிருந்தேன். இவர் வேர்த்து ஒழுகும் முகத்தை ஓட்டையில் வைத்தார்.

"இந்தா, உள்ள இன்னோர் ஆளுக்கு எடம் இருக்குமா?"

"என்னைக் கேட்டா? பேராசிரியரைக் கேளு."

போய்க் கேட்டார். பேராசிரியர் படிவத்தை எடுத்தார். "நீங்களும் உள்ள போயிட்டா, தறியில வெளியே யார் இருப்பாங்க?"

இவருக்குத்தான் இந்தக் கேள்வி பழகியிருந்ததே.

"யாருமில்லைங்க."

பேராசிரியர் அதை அப்படியே எழுதி அனுப்பினார். அடுத்த வருஷத்து நிதி அந்த வாரமே சாங்ஷன் ஆயிற்று.