நால்வருக்கு ஒரு மேஜை

இரண்டாவது மீனையும் தானே தின்றாக வேண்டும் என்பது மேவிஸ் ஹாப்டேக்குப் புரிந்தபோது சனிக்கிழமை காலை மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

புகையில் வாட்டிய ஹெர்ரிங் மீன்கள், தட்டில் ஜோடியாக. முதல் மீனை எப்படியோ உள்ளே தள்ளியாயிற்று. அந்த வாசனையே அவளுக்கு ஆகாது. சிரிலுக்குத்தான் அதென்றால் உயிர். முந்தின நாள் இரவு, காலை உணவுக்கான சீட்டைப் பூர்த்தி செய்யும்போது ‘திரு. ஹாப்டே’ என்ற இடத்துக்கு வந்ததும் கை தானாகவே ஹெர்ரிங் என்று எழுதிவிட்டது. நாற்பது வருடப் பழக்கம். கீழே உணவறையில் தன் முட்டையையும் ரொட்டியையும் சாப்பிட்டுவிட்டு மேலே வந்தால், வெள்ளித் தட்டு மூடியின் கீழ் இவை காத்திருந்தன.

ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம் என்று பார்த்தாள். கீழே தோட்டக்காரர் புதர் கத்தரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். மேவிஸ் மீன் இருந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மறு கையை ஆட்டினாள். கழிவறையில் போடலாமென்றால் அந்தப் பழைய ஹோட்டலின் குழாய்கள் முந்நூறு வருடத்துக் குழாய்கள்.

உட்கார்ந்து தின்றாள்.

எல்லாம் வெள்ளிக்கிழமை மதியம், ஹேஸல்கோட் மாளிகையின் வரவேற்பு மேஜையில் ஆரம்பித்தது. டாக்ஸியிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு இறங்கி வந்தவளை டெஸ்ஸா என்ற வரவேற்பாளர் பெண் முகமெல்லாம் மலர்ச்சியாக வரவேற்றாள். மேஜைமேல் இரண்டு ஷாம்பேன் கோப்பைகள். பக்கத்தில் நாற்பதாவது மணநாள் வாழ்த்து அட்டை.

“வாங்க மிஸஸ் ஹாப்டே! சார் எங்கே? காரை நிறுத்திட்டு வர்றாரா?”

சிரில் நவம்பரிலேயே இறந்துவிட்டார். போன வசந்தத்தில் அவரே கடிதம் போட்டுப் பதிவு செய்த அறை இது. ரத்து செய்யச் சொல்லி மேவிஸ் மூன்று முறை கடிதம் எழுத உட்கார்ந்தாள். ‘காரணம்’ என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் பேனாவை மூடி வைத்தாள்.

டெஸ்ஸாவிடம் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஆறு மாதத்தில் மேவிஸ் ஒன்றைக் கண்டுகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்ன இடத்திலெல்லாம் கடைசியில் அவள்தான் எதிராளியைத் தேற்ற வேண்டியிருந்தது. இறைச்சிக் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல் டாக்டரின் உதவியாளர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தன் அப்பாவின் சாவை முழுசாகச் சொல்லி முடித்தாள். கேஸ் மீட்டர் பார்க்க வந்த ஆளுக்கு டீயே போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. இந்த மலர்ந்த முகமும் இப்போது வாடும், இந்தக் கோப்பைகளில் ஒன்றை அவசரமாக ஒளிப்பார்கள், ‘பரவாயில்லைம்மா, பரவாயில்லை’ என்று இவளுக்கும் தான் சொல்ல வேண்டும். மேவிஸுக்கு அலுப்பாக இருந்தது.

“பக்கவாட்டு வாசல் வழியா நேரா மாடிக்குப் போயிட்டார்” என்றாள். “பயணக் களைப்பு.”

“அடடா! இப்ப எப்படி இருக்கார்?”

எப்படி இருக்கார். ஆறு மாதமாக யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. வெந்நீரில் காலை வைத்த மாதிரி இருந்தது.

“தேவலை” என்றாள் மேவிஸ்.

அந்தச் சுகத்துக்கான தண்டனைதான் இந்த மீன்.

காலித் தட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கியபோது, உணவறையின் தலைமைப் பரிசாரகர் கிரிம்ஷா எதிரே வந்தார். முப்பது வருடமாக அந்த மாளிகையில் இருப்பவர். கவலைப்படும்போதுகூடப் புருவம் மட்டும்தான் அசையும்.

“நேத்து சாயந்திரமும் சார் கீழ வரல. காலையிலயும் வரல. கிராமத்து டாக்டருக்குச் சொல்லி அனுப்பட்டுமா மேடம்? அரை மணியில வந்துடுவார்.”

“டாக்டரா? ஐயோ, வேண்டாம்! இப்ப நல்லாவே ஆயிடுச்சு. நடக்கக்கூடப் போயிருக்கார்.”

கிரிம்ஷா ஜன்னலைப் பார்த்தார். மேவிஸும் பார்த்தாள். ஐந்து நிமிடம் முன்னால் வரை புதர் கத்தரித்துக்கொண்டிருந்த தோட்டக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். மழை கொட்டியது.

“எந்தப் பக்கம் போனார் மேடம்?”

“ஆத்துப் பக்கம்னு நினைக்கிறேன்.”

புருவம் உயர்ந்தது. “ஆத்துப் பக்கமா? பாலத்துக்கிட்ட தண்ணி ஏறியிருக்கே! ஜீப்பை அனுப்பறேன். தோட்டக்காரர் விசில் ஊதிக்கிட்டே போவார், நீங்க பயப்படாதீங்க.”

இறந்துபோன கணவரைத் தேடி விசிலோடு ஒரு ஜீப் கிளம்புவதை மேவிஸ் கற்பனை செய்து பார்த்தாள். சிரில் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அவள் இரண்டிரண்டு படியாக மாடியேறி, மூச்சு வாங்க நின்று, மறுபடி இறங்கினாள்.

“வந்துட்டார்! பின்வாசல் வழியா வந்துட்டார்!”

“நல்ல வேளை. தெப்பமா நனைஞ்சிருப்பாரே. கோட்டைக் கொடுங்க மேடம், கொதிகலன் அறையில காயப் போட்டுக் கொண்டு வரேன்.”

“அதெல்லாம் எதுக்கு?”

“எங்க கடமை மேடம்.”

சிரிலின் மழைக்கோட்டு உண்மையாகவே அவள் பெட்டியில் இருந்தது. அதன் கழுத்துப் பட்டையில் புகையிலையும் பெப்பர்மின்ட்டும் கலந்த அவர் வாசனை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் படுக்கப் போகும்முன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முகத்தை வைத்துப் பார்ப்பாள். அதிகம் முகர்ந்தால் தீர்ந்துவிடும் என்று அளந்துதான் வைத்துக்கொண்டிருந்தாள்.

குளியலறையில் அதைக் குழாயடியில் பிடித்தபோது, தான் செய்வது என்னவென்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ‘மன்னிச்சிடு’ என்று சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டு தண்ணீரைத் திறந்தாள்.

மதியம் கோட்டு திரும்பி வந்தது. இஸ்திரி போட்டு, லாவண்டர் மணத்தோடு, யாருடையதோ போல. மேவிஸ் அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாக்கியம் சொல்லச் சோம்பல்பட்டதற்கு இவ்வளவு விலையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு மாலைத் தேநீருக்கு இறங்கினாள். அங்கே ஃபென்விக் இருப்பார்.

முன்னால் பள்ளிக்கூடப் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் வேலை பார்த்தவர் பெர்னார்ட் ஃபென்விக். அவளுக்குப் பக்கத்து அறைக்காரர், கணப்பருகே பக்கத்து மேஜைக்காரர். வெள்ளிக்கிழமைத் தேநீரின்போதுதான் பழக்கம். அவர் மேஜையிலும் இரண்டு கோப்பை, ஒரு ஆள்.

“என் மனைவி டாஃப்னிக்குத் தலைவலி, மாடியில படுத்திருக்கா” என்று அவராகவே சொல்லியிருந்தார். “இந்தப் பன்னை அவளுக்கு எடுத்துட்டுப் போகணும். ஜாம் முதல்ல, அதுக்கு மேலதான் க்ரீம். மாத்திட்டா தொடக்கூட மாட்டா.”

“எங்க வீட்டுக்காரருக்குக் க்ரீம்தான் முதல்ல.”

“அப்ப அவங்க ரெண்டு பேரையும் ஒரே அறையில விடக் கூடாது.”

மேவிஸ் சிரித்துவிட்டாள். நவம்பருக்குப் பிறகு முதல் சிரிப்பு. துருப்பிடித்த கதவு திறந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவளே திடுக்கிட்டாள்.

அன்று சாயந்திரம் விருந்துக்கு உடை மாற்றும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் கேட்டது. “பக்கத்து மேஜையில ஒரு அம்மா, டாஃப்னி. சிரிக்கறப்ப மூக்கு சுருங்குது. உனக்குப் பிடிச்சுப் போகும்.” பிறகு, அந்த அம்மாள் பதில் சொல்வதைக் கேட்பது போல ஒரு மௌனம்.

மேவிஸ் சட்டென்று சுவரிலிருந்து விலகினாள். முகம் சுட்டது. எவ்வளவு நேர்மையான மனுஷர்! பக்கத்து மேஜைப் பெண்ணைப் பற்றிக்கூட மனைவியிடம் போய்ச் சொல்கிறார். அப்படிச் சொல்லிக்கொள்ள மறுபக்கம் ஒரு காது இருப்பது எத்தனை பெரிய விஷயம் என்பது அந்த டாஃப்னிக்குத் தெரியுமோ என்னவோ. கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தாள். சுருங்கத்தான் செய்தது. நாற்பது வருடத்தில் சிரில் இதைச் சொன்னதில்லை. காரைப் பின்னால் எடுக்கும்போது அவள் காரிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

இப்போது சனிக்கிழமைத் தேநீர். ஃபென்விக் கோட்டுக்குள் போட்டிருந்த கையில்லாச் சட்டையில் கடைசிப் பொத்தான் திறந்திருந்தது. மேவிஸின் பாவாடைக் கொக்கியும் காலையிலிருந்தே மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

“மிஸ்டர் ஹாப்டே ஆத்துப் பக்கம் போய் நனைஞ்சுட்டாராமே! கிரிம்ஷா சொன்னார்.”

“ஆமா. இப்ப ஜம்முனு இருக்கார்” என்றாள் மேவிஸ், மறுபடி யாரும் டாக்டர் பேச்சை எடுத்துவிடக் கூடாதே என்று. “உங்க மனைவிக்குத் தலைவலி எப்படி?”

“விட்டுடுச்சு. சுத்தமா விட்டுடுச்சு. இப்பப் புத்தகம் படிச்சுக்கிட்டிருக்கா.”

“ரொம்ப சந்தோஷம்.”

“எனக்கும் சந்தோஷம்.”

இரண்டு பேருடைய துணையும் இப்படிப் பூரண ஆரோக்கியத்தோடு மாடியில் இருக்கும்போது அடுத்து என்ன பேச வேண்டும் என்பது அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு எழுதி வைத்த மாதிரி. ஒருவர் அழைக்க வேண்டும். மற்றவர் அழகாக மறுக்க வேண்டும். அழைத்தவர் வருத்தப்படுவதுபோல நிம்மதியடைய வேண்டும்.

“அப்படின்னா இன்னிக்கு நாம நாலு பேரும் சேர்ந்து சாப்பிடலாமே?” என்றார் ஃபென்விக்.

மறுக்க வேண்டியது மேவிஸின் முறை. வாயைத் திறந்தாள். எதிர் நாற்காலி காலியாக இருக்கும் ஒரு விருந்து கண்முன் வந்து போனது.

“அதுக்கென்ன! சிரில் ரொம்ப சந்தோஷப்படுவார்” என்றாள்.

ஃபென்விக்கின் தேக்கரண்டி கோப்பைக்குள் விழுந்து தேநீர் தெறித்தது. “அப்படியா! நல்லது. ரொம்ப ரொம்ப நல்லது. டாஃப்னி துள்ளிக் குதிப்பா.”

“நால்வருக்கு ஒரு மேஜை” என்றார் பின்னாலிருந்து கிரிம்ஷா. அவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. “பெரிய ஜன்னல் பக்கமே போட்டுடறேன். ஏழரைக்கு.”

மேவிஸ் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். சிரிலுக்கு மறுபடி தலை சுற்றுகிறது என்று சொல்லலாம். டாக்டர் வருவார். அவசரமாக ஊருக்குப் போய்விட்டார் என்றால் ஸ்டேஷனுக்கு ஜீப் ஓடும். இரண்டு பேருக்கும் சண்டை என்றால் டெஸ்ஸா பூங்கொத்தோடு வந்து கதவைத் தட்டுவாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம்தான். ஆனால் ஃபென்விக்கை இனிப் பார்க்க முடியாது.

அங்கேதான் விஷயம் இருந்தது என்று அவளுக்குப் புரிந்தது. அந்த மனிதரிடம் அவளுக்கு எதுவும் வேண்டாம். இன்னும் ஒரு வேளை உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான். ஒளிவுமறைவு தெரியாத ஒருவர் முன் பொய்க்காரியாக உட்கார முடியாது. உண்மையைச் சொன்னால், பைத்தியக்காரி என்று நினைத்துப் பதமாக விலகிப் போவார். எப்படியானாலும் இழப்புதான். அப்படியானால் உண்மையைச் சொல்லியே இழக்கலாம். டாஃப்னி எதிரில் வைத்தே சொல்லிவிடலாம். கேட்டுவிட்டு அவர்கள் அழுதால் இந்தத் தடவை தேற்றப்போவதில்லை, தானும் சேர்ந்து அழுதுவிடுவது.

ஏழு மணிக்கு நீல உடுப்பைப் போட்டுக்கொண்டாள். பக்கத்து அறையில் சத்தமே இல்லை. படியிறங்கினாள்.

உணவறையில் இன்னும் யாரும் வரவில்லை. பெரிய ஜன்னலருகே வெள்ளை விரிப்பு, மெழுகுவத்திகள், நான்கு நாற்காலிகள். கிரிம்ஷா ஏதோ தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். மேவிஸ் மேஜையைப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள்.

மூன்று தட்டுகள்தான் இருந்தன.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கிரிம்ஷாவுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். மீனையும் கோட்டையும் நினைத்துக் காது மடல் எரிந்தது. ஆனால் கூடவே, யாரோ முதுகிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது.

“நீங்களே எடுத்துட்டீங்க” என்றாள்.

“மேடம்?”

“நானே சொல்லணும்னுதான் வந்தேன். சிரில் நவம்பர்லயே இறந்துட்டார், மிஸ்டர் கிரிம்ஷா. மாடியில யாரும் இல்ல. மீனைச் சாப்பிட்டது நான். கோட்டைக் குழாயில நனைச்சதும் நான். உங்களை இவ்வளவு அலைய வச்சதுக்கு மன்னிச்சிடுங்க. மிஸ்டர் ஃபென்விக்கிட்டயும் அவர் மனைவிகிட்டயும் நானே சொல்லிடறேன். சத்தமில்லாம சிரில் தட்டை எடுத்து வச்சீங்களே, அது பெரிய உபகாரம்.”

சொல்லி முடித்துவிட்டு அவர் முகம் வாடக் காத்திருந்தாள். வாடவில்லை. கிரிம்ஷாவின் புருவம் மட்டும் மெல்ல, மிக மெல்ல உயர்ந்தது. அவர் மேஜைக்கு வந்து, மூன்றில் ஒரு தட்டை எடுத்துக் கையிலிருந்த தட்டின்மேல் சத்தமில்லாமல் அடுக்கினார். மீதி இரண்டையும் எதிரெதிரே நகர்த்தி வைத்தார்.

“நான் முன்னாடி எடுத்தது உங்க வீட்டுக்காரர் தட்டு இல்லைங்க மேடம்” என்றார். “பத்து நிமிஷம் முன்னாடிதான் மிஸ்டர் ஃபென்விக் வந்து, தன் மனைவி தவறி நாலு வருஷம் ஆச்சு, மூணு தட்டு போதும்னு சொல்லிட்டுப் போனார்.”