சம்பந்திக்காக எடுத்த தனி ரூம்

கும்மிடிப்பூண்டி,
வியாழக்கிழமை.

ஆர்.கே.பேட்டையில் இருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாள் அஞ்சம்மாள் அவர்களுக்கு, முத்தம்மா கைகூப்பி எழுதுவது. தாங்களும் அண்ணன் குப்புராஜ் அவர்களும் சின்ன மருமகளும், புதிதாக ஈன்ற மாடும் கன்றும் திருத்தணி முருகன் புண்ணியத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் வீட்டுக்காரருக்குப் பித்தப்பைக் கல் எடுத்த காயம் ஆறி, வெற்றிலை கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

இது போனில் சொல்லக்கூடிய சமாச்சாரம்தான். ஆனால் தாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர்கள், பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும். நான் ஐந்தாவதோடு நின்றவள் என்றாலும் கையெழுத்துக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள், ஆகவே எழுதுகிறேன். அண்ணனுக்கும் அதே கல், நாங்களும் அதே ஆஸ்பத்திரி, அதே தனி ரூம், வருகிற திங்கட்கிழமை சேர்கிறோம் என்று சொன்னீர்களே, சேருவதற்கு முன்னால் இதை இரண்டு தடவை படித்துவிடுங்கள். உங்கள் மகன் கம்பெனியிலும் எங்கள் பிள்ளை அன்புசெல்வன் கம்பெனி மாதிரியேதான் இன்சூரன்ஸ்.

போன மாதம் இவரைச் சேர்க்கப் போனபோதே அன்பு சொன்னான். "யம்மா, கம்பெனி இன்சூரன்ஸ்ல ரூமுக்கு ஒரு நாளைக்கு மூவாயிரம்தான். ரெண்டு பேர் இருக்கிற ரூமே போதும்." போய்ப் பார்த்தேன். நடுவில் ஒரு திரை, அந்தப் பக்கம் யாரோ இருமிக்கொண்டிருக்கிறார், இந்தப் பக்கம் ஒரே ஒரு ஸ்டூல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாங்கள் அண்ணனோடும் மகனோடும் ஆப்பிளும் ஆர்லிக்ஸும் எடுத்துக்கொண்டு வந்தால் எங்கே உட்காருவீர்கள்? பெண் கொடுத்தவர்கள் சுவரில் சாய்ந்து நிற்பதா? ஏசி, டிவி, சோபாவோடு தனி ரூம் ஆறாயிரம் என்றார்கள். மூன்று நாளைக்கு ஒன்பதாயிரம்தானே கூடுதல், சீட்டு எடுத்த பணம் என்னிடம் இருக்கிறது, நான் தருகிறேன்டா என்று சொல்லி அன்புவின் வாயை அடைத்தேன். யாராயிருந்தாலும் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள். தாங்களும் வந்தீர்கள், சோபாவில் உட்கார்ந்தீர்கள், "ரூமு ஜில்லுனு கீது சம்பந்திம்மா" என்றீர்கள், இருபது நிமிஷத்தில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டீர்கள். அந்த இருபது நிமிஷம் என்ன விலை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்றைக்கு, ஒன்பதாயிரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு பில் கட்டும் இடத்துக்குப் போனேன். அங்கே இன்சூரன்ஸ் பார்க்கிற பெண், பிரின்சி என்று பெயர், கம்ப்யூட்டரைப் பார்த்து ஐம்பத்தெட்டாயிரம் என்கிறாள். அன்புவுக்கு முகம் செத்துவிட்டது. அவன் கையில் இருந்தது நம் பேத்தி நந்தினியை நர்சிங் காலேஜில் சேர்க்க வைத்திருந்த பணம் ஒன்றுதான், அதைக் கட்டக் கடைசி நாள் மறுநாள். நந்தினியோ பக்கத்தில் நின்றுகொண்டு, "பரவால்ல ஆயா, அட்த்த வருசம் சேந்துக்கிறேன்" என்கிறாள். "இன்னாம்மா கணக்கு இது? தாத்தாவுக்கு இன்சூரன்ஸ் கீதில்ல?" என்று கேட்டேன்.

"கீது பாட்டி. ஆனா உங்களுக்கு மூவாயிரம் ரூபா ரூமுக்குத்தான் அனுமதி. நீங்க எடுத்தது அதுக்கு ரெட்டை. அதனால இன்சூரன்ஸ்காரங்க ரூம் வாடகையில மட்டும் பிடிக்க மாட்டாங்க. டாக்டர் பீஸ், தியேட்டர், நர்ஸ், எல்லாத்துலயும் பாதிதான் குடுப்பாங்க. மருந்துக்கு மட்டும்தான் முழுசு. கையுறை, பஞ்சு மாதிரி சாமானுக்கு ஒண்ணுமே கிடையாது."

"ரூம்புதானே ரெட்டை? வயிறு ஒண்ணுதானே கீறினீங்க?"

இன்சூரன்ஸ் பத்திரத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம், கையெழுத்துப் போடும்போது யாரும் படிப்பதில்லையாம். ஆனால் நல்ல பெண், குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு ரெண்டு பேர் ரூம் காலி இல்லன்னு சொன்னாங்களா பாட்டி? அப்படின்னா ஆஸ்பத்திரியில லெட்டர் தருவாங்க, கேட்டுப் பாக்கலாம்" என்றாள். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து வார்டு பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு நின்று, "இந்தப் பாட்டியா? அந்த ரூமைப் பாத்துட்டு, எங்க சம்பந்தி இதுலயா வந்து உக்காருவாங்கன்னு மாடி முழுக்கக் கேக்குற மாதிரி சத்தம் போட்டாங்களே!" என்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

ஆனாலும் விடவில்லை. மொத்தத்தைச் சொல்லாதே, ஒவ்வொன்றாக எழுதித் தா என்று கேட்டேன். கேட்டால் தர வேண்டுமாம், இதை மறக்காதீர்கள். நந்தினி வாசித்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். உணவு ஆலோசனை என்று இரண்டு இடத்தில் அறுநூறு அறுநூறு. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண் வந்து, தாத்தா என்ன சாப்பிடுவார் என்று கேட்டாள். நான் நெத்திலிக் குழம்பு வைக்கும் விதத்தை அரைமணி நேரம் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள். சொல்லிக் கொடுத்தது நான், பீஸ் அவளுக்கு! வாசல் வரைக்கும் போய், நாளைக்கும் வாம்மா என்று சொல்லி அனுப்பினேன். வந்துவிட்டாள். கையை மடக்கி நீட்டச் சொல்லித் தருகிற பையனையும் அப்படியே சொல்லி அனுப்பியிருக்கிறேன், அந்தத் திரை போட்ட ரூமில் இருமுகிறவரிடம் போய் எங்களவரைப் பார்க்க எத்தனை பேர் வருகிறார்கள் பார் என்று பெருமை வேறு அடித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தவர்களைப் போய்வா என்று சொல்வது ஒரு குற்றமா? டாக்டர் எழுதிக் கொடுக்காமல் நானாகக் கூப்பிட்ட இந்த வரவுகளையெல்லாம் பெரிய டாக்டரிடம் காட்டிப் பில்லிலிருந்து அடித்துவிட வைத்தேன். அப்புறம் இன்சூரன்ஸில் வராத கையுறை, பஞ்சுச் சாமான். தினம் ஒரு பை வரும், பாதி பிரிக்காமலே கிடக்கும். நம் காசு என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்திருந்தேன். பிரிக்காததைக் கிளம்புவதற்கு முன் திருப்பிக் கொடுத்தால் கழித்துக்கொள்வார்களாம், வீட்டுக்கு வந்துவிட்டால் அவ்வளவுதான். மூட்டையை மேஜைமேல் கொட்டினேன். கையுறையில் மட்டும் ஒரு பெட்டி குறைந்தது. திருப்பாச்சூரிலிருந்து பார்க்க வந்த என் ஓரகத்தி, தலைக்கு மை போட ஆகும் என்று கேட்டாள், கொடுத்தனுப்பியிருந்தேன். போன் போட்டால், "போட்டுக்கினே கீறேன்கா" என்கிறாள்.

இப்படியெல்லாம் செய்து ஒன்பதாயிரம் குறைந்தது. மீதி நாற்பத்தொன்பது. முடிந்து வைத்திருந்ததையும் போட்டு, என் கம்மலை அடகு வைத்து நானே கட்டினேன். நந்தினி மறுநாளே காலேஜில் சேர்ந்துவிட்டாள், அது போதும். அடுத்த முறை வரும்போது காது ஏன் மூளியாக இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடாதீர்கள், காதில் புண் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகையால் சம்பந்தியம்மா, ரூமுக்கு எவ்வளவு என்று இன்சூரன்ஸில் முதலில் கேளுங்கள், அதற்குள்ளேயே எடுங்கள். ஸ்டூல் போதும். நாங்கள் வந்தால் நின்றுகொண்டே பார்த்துவிட்டுப் போகிறோம், ஒன்றும் நினைக்க மாட்டோம். அண்ணனுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், கன்றுக்குட்டிக்குத் திருஷ்டி கழித்துப் போடவும்.

இப்படிக்கு,
ரா. முத்தம்மா

பின்குறிப்பு: கவர் கேட்டு உங்கள் மகளிடம் போனேன். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "அத்த, அப்பாவுக்குத் திருவள்ளூர் கவர்மெண்டு பெரியாஸ்பத்திரியில போன வாரமே ஆபரேஷன் ஆயி ஊட்டுக்கு வந்தாச்சு. ஒரு பைசா செலவில்ல" என்கிறாள். ஏன்டி சொல்லவில்லை என்றால், "தனி ரூம் எடுக்க வக்கில்லன்னு சம்பந்தியம்மா நெனப்பாங்க, திங்கக்கிழமைன்னே சொல்லிக்கினு இருப்போம்னு அம்மா சொன்னாங்க" என்கிறாள். எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். எனக்கு இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் கண்ணுக்கு எந்த வாசல், எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும் என்று எழுதுங்கள். என்னைப் பார்க்க வரச் சொல்லி வேறு யாருக்கும் சொல்லப் போவதில்லை, தாங்கள் மட்டும் வாருங்கள். அங்கே சோபா இல்லையாம். கட்டிலில் என் கால்மாட்டிலேயே உட்கார்ந்துகொள்ளலாம்.