கலங்கல் அண்ணாச்சியும் எட்டு மணித் தண்ணீரும்

விருதுநகர் மாவட்டத்திலேயே ஒரு தம்ளர் தண்ணீரை வாங்கியதும் குடிக்கத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் கலங்கல் அண்ணாச்சிதான். முதலில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். ஒரு கண்ணை மூடுவார். "கலங்கலா இருக்கே" என்பார். பிறகுதான் குடிப்பார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டிலும் ஜன்னல் பக்கம் திரும்பி இதையே செய்தார். அந்தச் சம்பந்தத்தைச் சரிக்கட்ட அவர் மனைவிக்கு ஒரு மாதம் ஆனது.

தொழில் அப்படி. தீக்குச்சி மருந்துக்கான ரசாயனம் செய்யும் எங்கள் ஆலையில் உப்புக் கரைசலைத் துணியில் வடிகட்டுவது அவர் வேலை. வடிகட்டிய கரைசலில் உலோகத் தகடுகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். அதில் கசடு போனால் தகடுகளில் படிந்து ஆலையே நின்றுவிடும்.

நான் அங்கே லேப்பில் சேர்ந்த வருஷம், நல்ல சீசனில், தகடுகள் அடிக்கடி கெட்டன. மேனேஜர் உப்பை மாற்றினார். அடுத்து அண்ணாச்சியை மாற்றப் போவதாகச் சொன்னார். கரைசல் சுத்தம் என்று என் ரிப்போர்ட் சொன்னது. அப்படியானால் தப்பு வேலை பார்க்கிறவருடையதுதானே.

மறுநாள் அண்ணாச்சி ஒரு கண்ணாடித் தம்ளரோடு லேப்புக்கு வந்தார்.

"தாயி, நீங்க சோதிக்கிறது எத்தன மணித் தண்ணி?"

"பத்து மணி, அண்ணாச்சி."

"துணியக் கழுவி மாட்டி எட்டு மணிக்கே தெறந்து விட்டுருதோமே. இது எட்டு மணித் தண்ணி. பாருங்க."

பார்த்தேன். சோறு வடித்த கஞ்சி மாதிரி இருந்தது. என் ரிப்போர்ட் தப்பு என்று நானே போய்ச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தம்ளரை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அண்ணாச்சி பின்னாலேயே வந்தார்.

மேனேஜர் தம்ளரை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியிடம், "என்ன செய்யலாங்கிறீக?" என்றார்.

"மொதத் தண்ணியத் திருப்பித் தொட்டிக்கே விடுவோம், சார். துணி மேல கசடு ஒரு பூச்சாப் படியணும், அதுக்குப் பத்து மணி ஆயிரும். அந்தப் பூச்சுதான் வடிகட்டும். துணி சும்மா தாங்கிக்கிடும், அம்புட்டுத்தான்."

"அப்ப கசடுதான் கசட வடிகட்டுமாக்கும்?"

"ஆமா சார்."

ஒரே வாரத்தில் திருப்பிவிடும் குழாய் போட்டார்கள். தகடுகள் கெடுவது நின்றது. அதன் பிறகு ஆலையைப் பார்க்க வருகிறவர்களிடம் மேனேஜர், "இது நம்ம ஐடியா" என்று அந்தக் குழாயைக் காட்டுவார். அண்ணாச்சி பக்கத்திலேயே நின்று தலையாட்டுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"நீங்க சொன்னதுன்னு சொல்ல வேண்டியதுதான அண்ணாச்சி?"

"குழா யாரு பேரச் சொல்லியா ஓடுது, தாயி?"

ஓய்வு பெற்று இப்போது மல்லாங்கிணற்றில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். வாசலிலேயே, "சாப்பிட்டீகளா தாயி?" என்றார்.

வழியில் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். இல்லை என்று சொல்லி, அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.